கடைசிப் பக்கத்தில் தொடங்கும் மிஸ் ட்ரிப்லெட்

முட்டை சாண்ட்விச் இன்று கிடையாது என்பதை மிஸ் ட்ரிப்லெட் முதலில் படித்துவிடுகிறார். அது உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில், கடைசி வரியில், பொடி எழுத்தில் இருக்கிறது. அட்டையைக் கையில் வாங்கியதும் ஒற்றை விரலால் திருப்பிப் போடுவார். அடிவரியில் விரலை வைத்து மேலே மேலே நகர்த்திக்கொண்டு போவார். முன்பக்கத்தின் தலைப்பு வரைக்கும் போய்ச் சேர்ந்த பிறகு அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மோரும் சோள ரொட்டியும், மிஸ் டாலிவர்" என்பார். நான் இந்தக் கடைக்கு வந்த பதினெட்டு வருஷமாக அவர் வேறு எதையும் கேட்டதில்லை. ஆனாலும் அட்டையைப் படிக்காமல் விட்டதும் இல்லை.

நகரசபைக் கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் இருக்கிறது எங்கள் காபிக் கடை. மேயரிலிருந்து கழிவறை கழுவுகிறவர் வரை எல்லாரும் காபி பரிமாறும் இந்த ஒரே மேடையில்தான் முழங்கையை ஊன்றியாக வேண்டும். காபி ஊற்றுகிற பெண் பக்கத்தில் நிற்கிறாள் என்பதற்காக யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. அதனால் எனக்குத் தெரிந்தது கொஞ்சம் அதிகம்.

உயரமான கண்ணாடித் தம்ளரில் மோர் வந்ததும், சோள ரொட்டியை உதிர்த்து உள்ளே போடுவார். அது ஊறும் வரை காத்திருந்து, நீளக் கரண்டியால் அடியிலிருந்து அள்ளிச் சாப்பிடுவார். தம்ளரையும் அவர் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கிறார் என்று வாசல் காவலர் மிஸ்டர் ஈஸெல் சொல்வார். ஒருநாள் துணிந்து, ஏன் அப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"முன்பக்கத்துல கையக் குலுக்குவாங்க, மிஸ் டாலிவர். பின்பக்கத்துலதான் நம்ம பைக்குள்ள கைய விடுவாங்க."

மவுண்ட் நீபோ தேவாலயத்திலும் இதே கதைதான். ஞாயிறு ஆராதனை நிகழ்ச்சி நிரலை வாங்கியதும் திருப்பிவிடுவார். "ரெவரெண்ட், ஆசீர்வாத ஜெபத்துக்கு அப்புறம் மறுபடியும் காணிக்கைன்னு போட்டிருக்கே. ஆசீர்வாதம் வாங்கினதுக்குக் கட்டணமா?" என்று ஒருமுறை வாசலிலேயே கேட்டார். அதன்பிறகு ரெவரெண்ட் நிகழ்ச்சி நிரலை ஒரே பக்கத்தில் அச்சடிக்கிறார்.

அவருக்கு வயது அறுபத்து நான்கு. குள்ளமான உருவம். கருநீலத்தில் ஒரே மாதிரி மூன்று உடுப்புகள். கோடைக்கு ஒரு தொப்பி, குளிருக்கு ஒரு தொப்பி. கைப்பையில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். கார் ஓட்டத் தெரியாது. பதினாலாம் நம்பர் பஸ்ஸில் வருகிறார், அதிலேயே போகிறார்.

நகரசபையில் வழக்கறிஞராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேல்மாடி வெள்ளைக்காரர்கள் அவரை வெறுமனே "லெவோனியா" என்று கூப்பிட்டார்களாம். அங்கே தபால் பிரிக்கிறவர்கூட 'மிஸ்டர்' போட்டுத்தான் அழைக்கப்பட்டார். மிஸ் ட்ரிப்லெட் காது கேட்காதவர் மாதிரி வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தோளைத் தொட்டுக் கூப்பிட்டால் நிமிர்ந்து, "லெவோனியாவத் தேடுறீங்களா? அவ வீட்டுல இருக்கா. இங்க மிஸ் ட்ரிப்லெட்தான் இருக்கேன், எதாவது வேணுமா?" என்பாராம். அவர்கள் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் பிடித்தது. எல்லாரும் படித்தவர்கள். அந்த மரியாதையை அவர் தன்னோடு நிறுத்திக்கொள்ளவில்லை. காவலர் அவருக்கு மிஸ்டர் ஈஸெல். இந்தக் கட்டடத்தில் என்னை 'மிஸ் டாலிவர்' என்று அழைப்பவர் அவர் ஒருவர்தான். எங்கள் ஊரில் மரியாதைக்குக் கல்யாணமானவளையும் 'மிஸ்' என்பதுண்டு.

டென்னஸி அரசு அவரைச் சட்டம் படிக்கக் கூடாது என்று சொன்னதே இல்லை. இங்கே படிக்கக் கூடாது என்றுதான் சொன்னது. எங்கள் மாநிலச் சட்டக் கல்லூரியின் பெஞ்சில் ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்துவிடாமல் இருக்க, வாஷிங்டன் போய்ப் படிக்க அரசே செலவுக்குக் கொடுத்தது. "என்னய ஊர விட்டு அனுப்ப ரயில் டிக்கெட் எடுத்துக் குடுத்தாங்க. திரும்பி வர்ற டிக்கெட்ட நான் எடுத்துக்கிட்டேன்" என்பார்.

1963இல், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகங்களில் எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து எழ மறுத்து, ஊரே அமளிப்பட்ட பிறகு, நகரசபைக்கு ஒரு சங்கடம் வந்தது. தன்னுடைய சட்டங்களில் எவையெல்லாம் சட்டவிரோதம் என்று அதற்கே தெரியவில்லை. அதைப் படித்துச் சொல்ல ஒரு கறுப்பின வழக்கறிஞரை வைத்துக்கொண்டால் பார்வைக்கும் நன்றாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியது. மிஸ் ட்ரிப்லெட் கடைசிச் சட்டத்திலிருந்து பின்னோக்கிப் படித்து நாற்பத்தொரு சட்டங்களைச் சிவப்புப் பென்சிலால் அடித்துக் கொடுத்தார். அதில் ஒன்று, நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய வெள்ளையருக்கு ஒரு பைபிளும் நமக்கு ஒரு பைபிளும் வைப்பது பற்றியது. வேண்டாமென்று ஒதுக்கிய நம் பைபிளை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போதும் அது அவருடைய மேசையில் தொலைபேசிக்கு அடியில் இருக்கிறது. எந்த அதிகாரியாவது "சத்தியமா அந்தக் கோப்ப நேத்தே அனுப்பிட்டேன்" என்றால், தொலைபேசியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "இதுல கை வச்சுச் சொல்லுங்க" என்பார். கோப்பு மத்தியானத்துக்குள் வந்துவிடும்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் கறுப்பின வரலாற்று மாதத்துக்காக அவருடைய படத்தை முன்கூடத்தில் மாட்டுவார்கள். 'நம் நகரசபையின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞர்' என்று அடியில் எழுதியிருக்கும். மார்ச் முதல் தேதி அதைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே, கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களோடு வைத்துவிடுவார்கள். படம் மாட்டியிருக்கும் நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வருவார்கள். போன வருஷம் ஒரு சின்னப் பெண், "இவங்க எப்பச் செத்தாங்க?" என்று மிஸ்டர் ஈஸெலிடம் கேட்டாள்.

"சாகல கண்ணு. மூணாவது மாடில இருக்காங்க."

"அப்ப ஏன் படம் மாட்டியிருக்கு?"

மிஸ்டர் ஈஸெல் நாற்பது வருஷமாக வாசலில் நிற்பவர். எந்தக் கேள்விக்கும் கழிவறை எந்தப் பக்கம் என்பதையாவது சொல்லுவார். அன்றைக்கும் அதைத்தான் சொன்னார்.

மூன்றாவது மாடியில் தலைமை வழக்கறிஞரின் கண்ணாடிக் கதவை வெளிச்சத்துக்கு எதிரே நின்று பார்க்க வேண்டும். எழுதி எழுதிச் சுரண்டிய தடம் தெரியும். தலைமை வழக்கறிஞர் ஒருவர் நல்ல வேலை கிடைத்துப் போவார். பெயிண்டர் வந்து 'தற்காலிகத் தலைமை வழக்கறிஞர், மிஸ் எல். ட்ரிப்லெட்' என்று எழுதுவார். சில மாதங்களுக்கு நகரசபை தடங்கலில்லாமல் ஓடும். பிறகு வெளியூரிலிருந்து ஒரு இளைஞர் வருவார், பெயிண்டர் சுரண்டும் கத்தியோடு வருவார். இப்படி நான்கு முறை நடந்தது. வெள்ளைக்கார மேயர்கள் காலத்தில் மூன்று, நம் மேயர் காலத்தில் ஒன்று.

நம் மேயர் கிளியோஃபஸ் கெய்தர் இந்த ஊரின் முதல் கறுப்பின மேயர். மவுண்ட் நீபோவில் வளர்ந்தவர். நல்ல குரல், நல்ல சிரிப்பு. ரிப்பன் வெட்டுவதற்கென்றே சொந்தமாக ஒரு கத்தரிக்கோல் வைத்திருக்கிறார். இந்த வருஷம் மார்ச்சில் தலைமை வழக்கறிஞர் வேலையை விட்டுப் போனதும், ஐந்தாம் முறையாக மிஸ் ட்ரிப்லெட் பெயர் கதவில் ஏறியது. அதே வாரம் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. மல்பெரித் தெருவில் வரப்போகும் ஆறு மாடிக் கார் நிறுத்துமிடம். படத்தில் மரங்கள் இருந்தன, பலூன் பிடித்த குழந்தை இருந்தது. அங்கே இருக்கும் பதினொரு வீடுகள் மட்டும் இல்லை.

அதில் ஒரு வீடு என்னுடையது. என் கணவர் தன் கையால் கட்டியது. அவர் போன பிறகு எனக்கென்று இருப்பது அதுதான்.

மறுநாள் காலை மேயர் இங்கே வந்து மிஸ் ட்ரிப்லெட்டுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "மிஸ் லெவோனியா, அந்தக் கட்டடத்துக்கு உங்க பேரத்தான் வைக்கப் போறேன். ஆறு மாடிக்கு உங்க பேரு நிக்கும்."

"ஆறு மாடியிலயும் கார்தான நிக்கும்?"

"அட, உங்களுக்குன்னு ஒரு இடம் ஒதுக்கிடுறேன். தரைத்தளத்துலயே."

"பதினாலாம் நம்பர் பஸ்ஸ அதுல நிறுத்த முடியுமா?"

மேயர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தினார். வேலையில் இருப்பவர் பெயரைக் கட்டடத்துக்கு வைக்கக் கூடாது என்று விதி. அதனால் ஜூனில் 'தற்காலிக' என்ற சொல்லைச் சுரண்டிவிட்டு முழுப் பதவி, செப்டம்பரில் ஓய்வு, அக்டோபரில் ரிப்பன். அந்த வீடுகளை எடுக்கும் தீர்மானத்தில் 'சட்டப்படி சரி' என்று தலைமை வழக்கறிஞரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது இல்லாமல் சபை ஓட்டுப் போட முடியாது. "இருபத்தஞ்சு வருஷம், மிஸ் லெவோனியா. கதவுல உங்க பேரு சுத்தமா இருக்க வேணாமா?"

மிஸ் ட்ரிப்லெட் கரண்டியைத் தம்ளருக்குள்ளேயே விட்டுவிட்டார். அவர் ரொட்டியை மிச்சம் வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "காகிதத்த அனுப்புங்க. படிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் பயனில்லை. வருஷங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறார்: "நான் நகரசபையோட வக்கீல், மிஸ் டாலிவர். நீங்க எனக்கு மோர் குடுக்கலாம், கேஸ் குடுக்கக் கூடாது." அந்த ஒரு வாரமும் தினம் வந்தார், அட்டையைப் படித்தார், சாப்பிட்டார். நான் ஊற்றினேன், துடைத்தேன். என் வீட்டைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

எட்டாவது நாள் மேயரே தேடிக்கொண்டு இறங்கி வந்தார். "என்ன மிஸ் லெவோனியா, ஒரு கையெழுத்துக்கு ஒரு வாரமா?" நான் அவருக்குக் காபி வைத்தேன். மிஸ் ட்ரிப்லெட் பையிலிருந்து தீர்மானத்தை எடுத்துத் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மேயர், அந்தக் காப்பிய யாரு ஊத்துனது?"

"இதென்ன கேள்வி? நம்ம வெர்னீஸ்தான்."

"முழுப் பேரு?"

"வெர்னீஸ் டாலிவர். எங்கம்மாகூடப் பாட்டுக் குழுவுல பாடினவங்க. என்ன இது, கோர்ட்டா?"

"இல்ல, காப்பிக் கடை. இவங்க வீடு எங்கன்னு தெரியுமா?"

"மல்பெரித் தெருதான். ஓட்டுக் கேக்கப் போனப்ப இவங்க வாசல்ல உக்காந்து பீச் பழப் பணியாரம் ரெண்டு தட்டு சாப்பிட்டனே!"

"அது யாரு வீடு?"

"இவங்க வீடுதான். வீட்டுக்காரர் கட்டினது. ஊருக்கே தெரியும்."

மிஸ் ட்ரிப்லெட் தீர்மானத்தைத் திருப்பிப் போட்டார். கடைசிப் பக்கத்தின் அடியில் விரலை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். "மல்பெரித் தெரு, இருநூற்றுப் பதினான்காம் எண். உரிமையாளர், யாரெனத் தெரியவில்லை."

மேடையின் அந்தக் கோடியில் மிஸ்டர் ஈஸெல் பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தினார்.

"கிளார்க் டைப் அடிச்சதுல ஏதோ..." என்றார் மேயர்.

"பதினொரு வீட்டுக்கும் அப்படித்தான் அடிச்சிருக்கு. ஒரே கை பதினொரு தரம் வழுக்குமா? ஆளத் தெரியலன்னா பேப்பர்ல ஒரு மூலையில விளம்பரம் போட்டாப் போதும். தெரிஞ்சா நோட்டீஸ வீட்டுக்குப் போய்க் கையில குடுக்கணும். அதுதான?"

"சத்தியமா எனக்குத் தெரியாது, மிஸ் லெவோனியா."

"பைபிள் மேல இருக்கு. எடுத்துட்டு வரவா?"

யாரோ சிரித்தார்கள். மேயர் சிரிக்கவில்லை. காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் வைத்தார். "வியாழக்கிழம பெயிண்டர் வர்றாரு. எதச் சுரண்டணும்னு அவர்ட்ட நான்தான் சொல்லணும். யோசிச்சுக்குங்க."

"வரட்டுமே. மிஸ் டாலிவர், அவருக்கு ஒரு தம்ளர் மோர் குடுங்க. வெயில்ல வருவாரு."

சிவப்புப் பென்சிலை எடுத்தார். என் மேடையின் மேல் வைத்தே எழுதினார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் படிக்க முடிந்தது. 'திருப்பி அனுப்பப்படுகிறது. உரிமையாளர்களைத் தெரியும்.'

வியாழக்கிழமை பெயிண்டர் வந்தார். மோர் குடித்தார், மேலே போய் முழுப் பெயரையும் சுரண்டினார். திங்கட்கிழமை நாஷ்வில்லிலிருந்து புதுத் தலைமை வழக்கறிஞர் வந்து சேர்ந்தார். முப்பத்து மூன்று வயது, வெள்ளைவெளேரென்று பல். நகரசபையின் கம்ப்யூட்டர் தெரிந்த முதல் வழக்கறிஞர் இவர் என்று மேயர் பத்திரிகைக்காரர்களிடம் அறிமுகப்படுத்தினார். எங்கள் ஊரில் முதல் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. மிஸ் ட்ரிப்லெட் பழைய அறைக்குப் போய்விட்டார். புதியவர் ஒரு நாளைக்கு ஆறு தடவை அங்கே வந்து கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். கம்ப்யூட்டரில் இல்லையாம்.

திருத்திய தீர்மானத்தில் புதியவர் கையெழுத்துப் போட்டார், சபை ஓட்டுப் போட்டது. காணாமல் போயிருந்த பதினொரு உரிமையாளர்களையும் நகரசபை ஒரே காலையில் கண்டுபிடித்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் வந்து, கடிதத்தைக் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். முன்பக்கத்தில் தங்க முத்திரை. என் பெயரைத் தப்பில்லாமல் மூன்று இடத்தில் போட்டிருந்தார்கள். 'பொது நன்மைக்காக' என்பது நான்கு இடத்தில் வந்தது. நான் எட்டாவதோடு நின்றவள், இரண்டு தடவை படித்தேன். வீடு போகிறது என்பதைத் தவிர வேறொன்றும் எனக்கு விளங்கவில்லை.

தெருவில் மற்றவர்களுக்கும் அவ்வளவுதான் விளங்கியது. பக்கத்து வீட்டு மிஸஸ் ஃபவுண்டன் அன்று சாயங்காலமே பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தார். "முத்திர போட்டு வந்திருச்சு வெர்னீஸ். முன்னாடியாவது நாம யாருன்னு தெரியலன்னாங்க. இப்பப் பேரச் சொல்லி வெளிய போன்னு சொல்றாங்க. அந்த வக்கீலம்மா தெனமும் உன்கிட்டத்தான சாப்பிடுறாங்க? கேக்குறதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"அவங்க நகரசபையோட வக்கீல், மிஸஸ் ஃபவுண்டன். கேக்கக் கூடாது."

"ஆமா, சட்டத்த நீ காப்பாத்து. வீட்ட அவங்க எடுத்துக்கட்டும்!"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்கு இது பிற்பாடு, மிஸ்டர் ஈஸெல் சொல்லித்தான் தெரிந்தது. 1967இல் நெடுஞ்சாலை போடுகிறோம் என்று கிழக்குப் பக்கத்தில் எங்கள் ஜனங்களின் அறுபது வீடுகளை இடித்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் மிஸ் ட்ரிப்லெட் ஒரு சட்டம் எழுதினார். நகரசபை யார் வீட்டை எடுத்தாலும் நோட்டீஸைக் கையில் கொடுக்க வேண்டும், நோட்டீஸிலேயே ஒரு ஆட்சேபப் படிவமும் அச்சிட வேண்டும். முப்பது நாளுக்குள் பாதிப் பேருக்கு மேல் அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினால் திட்டத்தைக் கைவிட வேண்டும். சபையில் ஒருவரும் எதிர்க்கவில்லை. காரணம், ஒருவரும் படிக்கவில்லை. நாய் உரிமம் பற்றிய ஒரு தீர்மானத்தின் கடைசிப் பக்கத்தில் அதைச் சேர்த்திருந்தார். படிவத்தை நோட்டீஸின் எந்த இடத்தில் அச்சிட வேண்டும் என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாராம்.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. மறுநாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். அவர் வழக்கமாக உட்காரும் ஸ்டூலுக்கு எதிரே, காகிதக் கைக்குட்டை டப்பாவுக்குப் பக்கத்தில், தங்க முத்திரை மேலே தெரியும்படி வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

மிஸ் ட்ரிப்லெட் பன்னிரண்டு மணிக்கு வந்தார். முத்திரையைப் பார்த்தார். பார்க்காதவர் மாதிரி உணவுப் பட்டியலை எடுத்து, திருப்பி, அடியிலிருந்து மேல் வரைக்கும் படித்தார். மோரும் சோள ரொட்டியும் கேட்டார். ரொட்டி ஊறும் வரை காத்திருந்தார். அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். வெயில் அதிகம் என்றார். பதினாலாம் நம்பர் பஸ் இப்போதெல்லாம் பத்து நிமிஷம் தாமதம் என்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் மேடையில் காபி சிந்தியது. துடைத்தேன். அவர் தம்ளரைக் காலி செய்து, வாயைத் துடைத்துக்கொண்டு, கோடைத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து ஊசி குத்தினார். கைப்பையை முழங்கையில் மாட்டிக்கொண்டார்.

பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டே, ஒற்றை விரலால் என் கடிதத்தைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்.